கோவா: காத்திருக்காத நீர்

பனாஜியிலிருந்து ஏழு கிலோமீட்டர். டோனா பாலா படகுத்துறையில் சுற்றுலாப் பயணிகள் தொப்பி பேரம் பேசுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரே ஜுவாரி நதி கடலோடு கலக்கிறது. வடக்கே, முனையின் மறுபக்கம் மாண்டவி. நடுவில் இருக்கும் மேட்டில் தேசியக் கடலியல் நிறுவனம். சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுக்குப் பின், 1966 ஜனவரி 1 அன்று பிறந்தது. பயணிகளின் கண்ணுக்கு எதிரில் இருப்பது ஒரே நீர். ஆய்வாளர்களுக்கோ அது மணிக்கு மணி மாறும் நீர்.

அதனால்தான் இங்கே ஆய்வுப் பயணம் நங்கூரம் எடுப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே, காகிதத்தில் தொடங்கிவிடுகிறது. முதல் கேள்வி: எப்போது? தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆழத்திலிருந்து குளிர்ந்த, பிராணவாயு குறைந்த நீர் மேலேறிக் கரையை நெருங்குகிறது. அதன் மீது மழைநீரும் ஆற்றுநீரும் மூடிபோலப் படர்கின்றன. உப்பு குறைந்த நீர் லேசானது, கீழே இறங்காது. அடியில் அழுகும் பொருட்களைத் தின்னும் பாக்டீரியாக்கள் மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. செப்டம்பர், அக்டோபரில் நிலைமை மோசமாகிறது. மீன்கள் விலகி ஓட வேண்டும், அல்லது சாக வேண்டும். இந்த நீரிலிருந்து புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் பெருமளவு வெளியேறுவதை இங்குள்ள எஸ்.டபிள்யூ.ஏ. நக்வியும் சகாக்களும் 2000-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அடுத்த கேள்வி: எதில் போவது? 2014-ல் சேவைக்கு வந்த 'சிந்து சாதனா' 80 மீட்டர் நீளம். ஆழ்கடலுக்குச் சரி; ஆற்றின் மேற்பகுதிக்கு உதவாது. அங்கே சிறு படகுதான். மழைக்காலத்தில் மாண்டவியின் வாசலில் அகுவாடா மணல்திட்டு மீது அலைகள் உடைந்து சீறுகின்றன. படகுகள் அந்த வழியைத் தவிர்க்கின்றன. ஆறு அதிகமாகக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில் கதவு சாத்தியிருக்கிறது. ஜுவாரியின் முகத்துவாரம் திறந்திருப்பதுதான் ஆறுதல். இரு நதிகளையும் உள்ளே கும்பர்ஜுவா கால்வாய் இணைக்கிறது.

மூன்றாவது சிக்கல் நிலவால் வருவது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டரைத் தொடும். காலை ஓரிடத்தில் வற்றத்தில் நீர் எடுத்து, மதியம் வேறிடத்தில் ஏற்றத்தில் எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்தால் வந்ததா, ஓதத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே சில இடங்களில் 25 மணி நேரம் நங்கூரமிட்டு, திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். தூக்கம் முறை வைத்துத்தான்.

பிறகு சாமான் பட்டியல். உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவி. அதைச் சுற்றி, வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் குப்பிகள். மேலே வந்ததும் முதலில் பிராணவாயு சோதனைக்கான நீரைப் பிடிக்க வேண்டும், காற்றுக்குமிழி இல்லாமல். உடனே ரசாயனம் சேர்க்க வேண்டும். ஒரு ரசாயனம் மறந்துபோனால் நடுக்கடலில் கடை கிடையாது. படுக்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், யாரைக் கூட்டிப்போவது என்பதிலும் இழுபறி. வானிலைக்குப் பலியாகப்போகும் நாட்களையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. தடை முடிந்து மீனவர்கள் கடலுக்குள் போகும்போது, அடியில் இந்த நீர் பரவிக்கொண்டிருக்கிறது. அது எங்கே, எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்கு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல.

குளிர்காலம் நெருங்கும்போது காற்றும் நீரோட்டமும் திசை மாறுகின்றன, பிராணவாயு திரும்பிவிடுகிறது. அனுமதிக் கடிதமோ உதிரிபாகமோ தாமதித்து டிசம்பரில் புறப்படும் கப்பல் அமைதியான கடலில் சுகமாகப் போய்வரும். குப்பிகளில் நல்ல நீர் இருக்கும். மூச்சுத்திணறிய கடலின் சுவடே அதில் இருக்காது. அதை அளக்க அடுத்த செப்டம்பர் வர வேண்டும்.