சிவப்பு தொலைந்த வெளிச்சம்

பட்டுக்கடையில் இன்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. புடவை மனதுக்குப் பிடித்துவிட்டாலும், அதை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகே பில் போடச் சொல்வார்கள். அக்காவின் அரக்குப் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கப் போனபோது, அந்த வழக்கத்தின் அருமை எனக்கு விளங்கியது. கடை விளக்கில் துணியும் புடவையும் ஒரே நிறம். தெருவுக்கு வந்தால் புடவை அரக்கு, துணி பழுப்பு.

காரணம் விளக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்புக்குள் எரிவது நீல ஒளி. அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி அந்த நீலத்தில் ஒரு பங்கை மாற்றித் தர, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசு. ஆனால் மலிவான வெள்ளை பல்பில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்றொரு அளவு உண்டு. குண்டு பல்புக்கு அது 100, சாதாரண எல்.இ.டி.க்கு 80 அளவில். அந்த 80-ஐக் கணக்கிடும் எட்டு நிறங்களில் ஆழ்ந்த சிவப்பு சேர்த்தியே இல்லை. குங்குமம், தக்காளி, மனித முகத்தின் ரத்த ஓட்டம் எல்லாம் வெளிறித் தெரிவது இந்தச் சிவப்புக் குறைவால்தான்.

மின்சாரச் சேமிப்பை நான் மறுக்கவில்லை. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்.இ.டி. செய்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் நாடெங்கும் வீடுகளுக்குப் போயின. ஏழை வீட்டு மின்கட்டணம் குறைந்தது பெரிய காரியம். என் வருத்தமெல்லாம், வாட்டை மட்டும் பார்த்து வாங்கப் பழகிவிட்டோமே என்பதுதான்.

"வெள்ளைதான் சார் எல்லாரும் கேக்கறாங்க, மஞ்சள்னா மங்கலா இருக்கும்" என்கிறார் கடைக்காரர். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் அந்த வெள்ளை பெரும்பாலும் 6500, நடுப்பகல் வானத்தின் ஒளி. குண்டு பல்பு 2700. இரவு பத்து மணிக்குக் கூடத்தில் நடுப்பகல் ஒளி அடித்தால், தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். தெருவிளக்குக்கும் இது பொருந்தும்: 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இலேயே அறிவுறுத்தியது. நம் தெருக்களில் சோடியம் விளக்கின் ஆரஞ்சு போய், கண்ணைக் குத்தும் வெள்ளை வந்திருக்கிறது.

ஆயுள் கதை வேறு. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் பதினோரு வருடம். எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அணைந்துபோன பல்பு ஒன்றின் மூடியை நெம்பித் திறந்து காட்டினார். அலுமினியத் தகட்டில் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள். ஒன்றின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு கரும்புள்ளி. எல்லாம் ஒரே தொடரில் இணைந்தவை என்பதால் ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. புள்ளி விழுந்த சதுரத்தின் இரு முனையையும் ஈயம் வைத்து இணைத்ததும் பல்பு எரிந்தது. பல பல்புகளில் இந்தச் சதுரச் சிப்புகள் நன்றாகவே இருக்கும்; அவற்றுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சுற்றில் உள்ள கெபாசிட்டர் வெப்பத்தில் வறண்டு போயிருக்கும். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அத்தனை மின்னணுப் பாகங்களும் கடைசியில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகின்றன.

குண்டு பல்புக்கு எல்.இ.டி. ஈடாகாத இடமும் உண்டு. நாட்டுக்கோழி வளர்ப்போர் குஞ்சுக்கு இரண்டு வாட் என்று கணக்குப் போட்டு அதைத் தொங்கவிடுவது வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காக. எல்.இ.டி.யால் அது ஆகாது.

அடுத்த முறை பல்பு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 அல்லது 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார்.