தள்ளிவைக்கவும் ஒரு பேர் வேணும்

ஒரு இசை விழாவோட போஸ்டரைப் பார்த்தா, யாருக்கு எவ்வளவு மரியாதை என்று எழுத்தின் அளவே சொல்லிடும். மேலே பெரிய எழுத்தில் மூன்று பேர். அடுத்த வரியில் கொஞ்சம் சின்னதா ஆறேழு பேர். போகப் போக எழுத்து பொடியாகி, கடைசி வரியைப் படிக்க போனைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோகணும். லைன்அப் என்று சொல்வது இதைத்தான். நம்ம பக்கத்தில் இதே வேலையைச் செய்வது திருவிழா நோட்டீஸ்.

கொவிட் வந்தப்போ ரெண்டும் ஒரே நேரத்தில் அடிபட்டது. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி எழும்பி வரல.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவுக்கு 2020இல் 50 வயசு. மார்ச் 12ஆம் திகதி லைன்அப்பை வெளியிட்டாங்க: போல் மெக்கார்ட்னி, டெய்லர் ஸ்விஃப்ட், கெண்ட்ரிக் லாமர், ஞாயிறு மாலைக்கு டயானா ராஸ். ஆறே நாளில், மார்ச் 18, விழா ரத்து. 2021உம் நடக்கல. ஆனா டிக்கெட்டுக்குக் கட்டிய முற்பணம் அடுத்த வருசத்துக்கு, அதற்கும் அடுத்த வருசத்துக்கு என்று மாற்றப்பட்டது. 2022 ஜூனில் விழா திரும்ப நடந்தப்போ மெக்கார்ட்னி இருந்தார், லாமர் இருந்தார், டயானா ராஸும் இருந்தாங்க. அமெரிக்காவின் கோச்செல்லா ஏப்ரலிலிருந்து ஒக்டோபருக்குப் போய், அங்கிருந்தும் தள்ளி, கடைசியில் 2022இல்தான் நடந்தது. 2020 போஸ்டரில் உச்சியில் இருந்த ஃபிராங்க் ஓஷன் 2023இல் வந்து பாடினார். மூன்று வருசம் கழிச்சும் அந்த இடம் அவருக்காகக் காத்திருந்துச்சு.

இதுதான் தள்ளிவைக்கிறது. திகதி மாறும், பேர் மாறாது. "இந்த ஆளுக்கு நாங்க ஒரு மேடை கடன்பட்டிருக்கோம்" என்று எழுத்தில் இருக்கும்.

இப்ப மாத்தளைக்கு வருவோம். எங்க மாவட்டத்தில் திருவிழா என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது டவுனில் இருக்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகம். அஞ்சு தேர் வரிசையா வரும்போது ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, மன்னார் கரையில் இறங்கி, காட்டுவழியா நடந்து வந்த நம்ம ஆட்கள் மலை ஏறுவதற்கு முன்னாடி சேர்ந்த ஊர் மாத்தளை. அந்த அம்மனை விட்டால் நமக்கு வேறு பெரிய விழா கிடையாது. 2020இல் மாசி மகம் மார்ச் 8. மூன்று நாள் கழிச்சு, மார்ச் 11, நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் இலங்கையர் அடையாளம் காணப்பட்டார். மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு.

தோட்டத்துத் திருவிழாக்கள் அதற்குப் பிறகுதான் வரும். சித்திரை, வைகாசி, ஆடி என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கணக்கு. எங்க தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே. சம்பள நாள் பார்த்து, துரைகிட்ட லீவு பேசி, பக்கத்து டிவிசன் விழாவோடு முட்டாத மாதிரி திகதி வைப்பாங்க. 2020இல் மே மாதம் என்று முடிவாகி, நோட்டீஸும் அடிச்சாச்சு. கரகம் பாலித்தல், பால்குடம், தேர்பவனி, கடைசி ராத்திரி இசை நிகழ்ச்சி. நாதஸ்வரக் குழுவுக்குத் தனி வரி. இசைக்குழுவுக்கு அம்மனுக்கு அடுத்த பெரிய எழுத்து. உபயகாரர் பேர் ரெண்டு பக்கமும் நிரம்பி வழிஞ்சது.

தப்பு செட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எந்த வருசமும் இருந்ததில்லை. கரகம் ஆத்திலிருந்து கிளம்பும் நேரத்திலிருந்து மஞ்சள் நீராட்டு முடியும்வரை அடிப்பது அவங்கதான். அவங்க அடி இல்லாமல் யாருக்கும் சாமி வராது. கடைசி வரியின் பொடி எழுத்தில் கூட அவங்க கிடையாது.

எங்க மாமா அந்தச் செட்டில் ஒருத்தர். பகலில் தோட்டத்து வேலை, விழாவுக்கு விழா தப்பு. ஊரடங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் வேலை செய்யலாம் என்று அரசாங்கம் விலக்கு கொடுத்திருந்தது. அதனால் மாமா பட்டினி கிடந்தார் என்று சொல்லமாட்டேன். பிரட்டுக்குப் போனார், பேர் விழுந்துச்சு. கொழுந்து எடுக்க நூறு பேர் மலையில் நிற்கலாம், கோயில் வாசலில் நிற்கத்தான் பிஎச்ஐ விடமாட்டார். நின்னுபோனது மேலதிகமா வரும் காசு. திருவிழாவில் கிடைப்பதை வச்சுத்தான் கடைக் கடனை அடைப்பாங்க, பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குவாங்க. சாவு வீட்டுத் தப்பும் நின்னுபோச்சு. குறைஞ்ச ஆட்களோடு சீக்கிரம் அடக்கம் பண்ணச் சொன்ன காலத்தில் யார் தப்புக்கு ஆள் அனுப்புவாங்க?

எங்க விழா மே மாதத்திலிருந்து ஒக்டோபருக்குப் போனது. ஒக்டோபர் 4 மினுவாங்கொடை கொத்தணி வெடிச்சது. அடுத்து 2021 மே என்றாங்க, புத்தாண்டு முடிஞ்ச கையோடு மூன்றாவது அலை. ஒவ்வொரு தடவையும் கோயில் கமிட்டி யாருக்கெல்லாம் போன் பண்ணினாங்க என்று எனக்குத் தெரியும், ஏன்னா பாதி போனை நான்தான் எடுத்துப் பேசினேன். நாதஸ்வரக் குழுவுக்குக் கொடுத்த அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும், அடுத்த திகதிக்கு வாங்க. இசைக்குழுவுக்கும் அதே பேச்சு. மைக் செட், லைட்காரர், தேர் ஜோடிக்கிறவர், எல்லோருக்கும் சொல்லியாச்சு. தப்பு செட்டுக்கு யாரும் சொல்லல. சொல்ல ஒன்றுமில்லை, ஏன்னா அவங்ககிட்ட கொடுத்த அட்வான்ஸ் என்று ஒன்று இல்லை. வழக்கமா விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி வெத்திலை பாக்கோடு ஒருத்தர் போய் "வந்துருங்கப்பா" என்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மாமாகிட்ட கேட்டேன், "நீங்களும் ஒரு அட்வான்ஸ் கேட்டிருக்கலாமே?"

"எதைக் காட்டி கேக்குறது மருமகனே? நோட்டீஸ்ல நம்ம பேரா இருக்கு?"

கமிட்டியில் ஒரு பெரியவரிடமும் கேட்டேன். அவர் கோபப்படல. "அவங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்கப்பா. வீட்டுப் பிள்ளைக்கு நோட்டீஸ்ல பேர் போடுவாங்களா?" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனா அதே நோட்டீஸில் நூறு ரூபா உபயம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளோட பேரெல்லாம் இருந்துச்சு. தப்படிக்கிற பிள்ளைங்க மட்டும் ஏன் பேரில்லாத பிள்ளைங்க என்பதற்கு நாம எல்லோரும் சத்தமா சொல்லாத ஒரு காரணம் உண்டு. அது சாதி.

விழா கடைசியில் 2022 மே மாதம் முடியும் சமயத்தில் நடந்தது. அதற்குள் நாடே கவிழ்ந்திருந்தது. மார்ச்சில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிவச்சாங்க. எங்க நோட்டீஸ் பாதி அளவாகி, உபயகாரர் பேரெல்லாம் கழன்று போச்சு. டீசல் இல்லை, வேன் ஓடாது, ஜெனரேட்டர் ஓடாது. ரெண்டு வருசமா பேர் மாறாமல் நோட்டீஸில் இருந்த இசைக்குழு முதல் நாள் போன் பண்ணி வர முடியாது என்றாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது.

தப்புக்கு டீசல் வேணாம். கொஞ்சம் வைக்கோல் போதும், தோலைக் காய்ச்ச. அன்று சாயந்திரம்தான் மாமா செட்டைத் தேடி ஆள் போச்சு. ஆறு பேர் இருந்த செட்டில் மூன்று பேர்தான் வந்தாங்க. ஒருத்தர் கொழும்பில் கடையில் நிற்கிறார். ஒருத்தர் கட்டாருக்குப் போயிட்டார். ஒருத்தர் 2021இல் தவறிட்டார். ஊரில் எத்தனையோ சாவுக்கு அடிச்ச மனுசன், அவர் சாவுக்கு ஒரு தப்பு அடிக்கல. மூன்று பேரும் ராத்திரி முழுக்க அடிச்சாங்க. சனம் ஆடுச்சு. விழா நல்லா நடந்துச்சு என்று எல்லோரும் பேசிக்கிட்டாங்க. இரண்டு வருசத்தில் நாம பாதி செட்டை இழந்துட்டோம் என்று யாரும் பேசல. நோட்டீஸில் இல்லாத ஆள் குறைந்தால் எப்படித் தெரியும்?

காமன் கூத்தை நினைச்சால் இன்னும் பயமா இருக்கு. அம்மன் விழாவையாவது மாதம் மாற்றி வைக்கலாம். காமன் கூத்து பிறையோடு கட்டுண்டது. மாசி அமாவாசை கழிஞ்சு காமன் ஊன்றணும், பௌர்ணமியை ஒட்டி எரிக்கணும். தவறினால் அடுத்த மாசிதான். ஒரு வருசம் விட்டால் ரதி வேசம் கட்டும் பையனுக்குக் குரல் உடைஞ்சிடும். ரெண்டு வருசம் விட்டால் எந்த இடத்தில் எந்த அடி என்று தெரிஞ்சவர் ஊரில் இருக்கமாட்டார். கூத்துக்கு ஏட்டில் பாட்டு இருக்கலாம், அடி எங்கேயும் எழுதி இல்லை. அது ஆட்களிடம்தான் இருக்கு.

"தப்பை விட்டுத் தொலைக்கிறதுதான் நல்லது, அது அடிமைத்தனத்தோட அடையாளம்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. கட்டாயத்துக்கு அடிக்க வச்சதை ஒருத்தர் விட்டுட்டுப் போறார் என்றால் அது அவர் உரிமை, தடுக்க எனக்கு வாய் இல்லை. ஆனா விட்டுட்டுப் போறது வேற, கவனிப்பார் இல்லாமல் உதிர்றது வேற. சென்னையில் அதே 2020 டிசம்பரில், சபாக் கச்சேரிகள் இணையத்துக்குப் போன அந்த மார்கழியில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கிச்சு. பறை, கானா, நாட்டுப்புறப் பாட்டு, ஒப்பாரி என்று மார்கழி மேடைகளில் இடமே கிடைக்காதவங்களுக்காக ஒரு மேடை. எல்லா லைன்அப்பும் கலைஞ்சு கிடந்த வருசத்தில் புதுசா ஒரு லைன்அப் எழுதலாம் என்று அவங்களுக்குத் தோணுச்சு.

நமக்கு அவ்வளவு பெரிய மேடை வேணாம். நோட்டீஸில் ரெண்டு வரி போதும்: தப்பு செட்டில் இருக்கிறவங்க பேர், ஊர். கமிட்டிக் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வரி: அவங்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ். அடுத்த தடவை நோயோ, நெருக்கடியோ, மண்சரிவோ வந்து விழாவைத் தள்ளிவைக்கும்போது போன் பண்ண வேண்டியவங்க பட்டியலில் அந்தப் பேர்களும் இருக்கும். இதை வாசிக்கிற உங்க தோட்டத்திலும் நோட்டீஸ் அடிக்கிற வேலை, புரூப் பார்க்கிற வேலை எல்லாம் பெரும்பாலும் நம்ம வயசுப் பசங்ககிட்டதான் வரும். அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரி இருக்கா என்று பாருங்க. இல்லைன்னா, கமிட்டிகிட்ட கேட்டுட்டு அச்சுக்குக் கொடுங்க.