வாங்க வந்த இருவர்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைவுற்ற பின்னரே, அவரது தையல் இயந்திரத்தை விற்றுவிடுவது என்ற முடிவுக்கு நாங்கள் வந்தோம். எங்களில் ஒருவருக்கு அவர் பெற்ற தாய், மற்றவருக்கு மாமியார். ஆயினும் 38 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தமையால் இருவருக்குமே அவர் அம்மாதான். இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், திருச்சி பாலக்கரையில் ஒரு சிறு வீட்டின் திண்ணையில் அந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடைகளும் பாவாடை சட்டைகளும் தைத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். இரும்பு மிதியும் தேக்குப் பலகையும் கொண்ட உஷா இயந்திரம் அது. இரவில் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் உறங்கிப் போவார்களாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள், 2023ஆம் ஆண்டில் பழைய வீட்டைவிட்டு இரண்டு அறைகளே கொண்ட அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அங்கே இயந்திரத்துக்கு இடமில்லை. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவும் மனம் ஒப்பவில்லை. தைக்கத் தெரிந்த ஒரு கைக்கே அது போய்ச் சேரவேண்டும் என்று விரும்பினோம்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன்தான் வழி சொன்னான். "இப்போதெல்லாம் இதைக் கைப்பேசியிலேயே விற்கலாம் தாத்தா" என்றவன், நான்கு படங்களை எடுத்து, 6,500 ரூபாய் என விலை குறித்து, பழைய பொருள்களை விற்கும் இணையத்தளம் ஒன்றில் விளம்பரத்தை ஏற்றிவிட்டு ஊருக்குப் போனான். வருகிறவர் வீணாக அலையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், எங்கள் தொலைபேசி எண்ணையும் தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் நாங்களாகவே அதில் சேர்த்தோம். முதல் பிழை அங்கேயே நேர்ந்தது என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

ஒரு மணி நேரம்கூட ஆகியிராது, கைப்பேசி ஒலித்தது. இந்தி கலந்த தமிழில், மிகுந்த பணிவுடன் ஒருவர் பேசினார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், திருச்சிக்கு மாற்றலாகி வருவதாகவும், மனைவிக்காக இயந்திரத்தை வாங்க விரும்புவதாகவும் கூறினார். சீருடை அணிந்த ஒருவரின் படமும், அடையாள அட்டை ஒன்றின் படமும் வந்து சேர்ந்தன. அவர் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. இயந்திரம் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "நாளை வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் ஐயா, பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்" என்றார். எல்லையில் நின்று நாட்டைக் காப்பவரிடம் என்ன சந்தேகம் கேட்பது? நாங்கள் பெருமையோடு சம்மதித்தோம்.

புள்ளிகள் நிறைந்த சதுரப் படம் ஒன்று வந்தது. கடைகளில் பணம் செலுத்த ஒட்டிவைத்திருக்கிறார்களே, அதே கியூஆர் குறியீடுதான். "முதலில் சோதனை செய்து பார்ப்போம். ஐந்து ரூபாய்க்கு இரகசிய எண்ணை அழுத்துங்கள், பத்து ரூபாய் வரும்" என்றார். எங்களில் ஒருவருடைய கைப்பேசிக்கு வந்த படத்தை மற்றவருடைய கைப்பேசியால் படம்பிடித்து, எண்ணை அழுத்தினோம். ஐந்து ரூபாய் போயிற்று. சொன்னபடியே பத்து ரூபாய் வந்தது. இதைவிடவும் நாணயம் உண்டா என்று வியந்தோம். அடுத்து 6,500 ரூபாய்க்கான படம் வந்தது. மறுபடியும் எண்ணை அழுத்தினோம். இம்முறை வரவு வரவில்லை. எங்கள் கணக்கிலிருந்து 6,500 ரூபாய் குறைந்திருந்தது.

"ஐயையோ, பிழையாகிவிட்டது! இதோ 13,000 ரூபாய்க்கு அனுப்புகிறேன், போனதும் சேர்ந்து வந்துவிடும், சீக்கிரம், சீக்கிரம்!" என்று அவசரப்படுத்தினார். விரல் எண்ணின் மேல் இருந்தது. அப்போதுதான் திரையின் மேற்பகுதியில் இருந்த 'செலுத்துக' என்ற சொல் எங்கள் கண்ணில் பட்டது. 'வினாவை முழுவதும் படித்துவிட்டு விடை எழுதுங்கள்' என்று ஆயிரக்கணக்கான மாணவருக்கு அறிவுறுத்திய நாங்கள், எங்கள் முன்னால் இருந்த ஒரே ஒரு சொல்லைப் படிக்கத் தவறியிருந்தோம்.

1930 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதைப் பக்கத்து வீட்டு இளைஞர் மாலையில்தான் தெரிவித்தார். இணையவழிப் பண மோசடிகளுக்கென மத்திய அரசு ஏற்படுத்தியுள்ள உதவி எண் அது. புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள், வங்கிக்கும் எழுதினோம். அதற்குள் அந்தப் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிட்டதாம். போனது இன்றளவும் திரும்பவில்லை. உடனே அழைத்திருந்தால், பணம் வெளியேறும் முன்பே தடுத்து நிறுத்த வாய்ப்பிருந்தது என்றார்கள். பின்னர் ஒரு செய்தியை அறிந்து மேலும் வெட்கினோம். 2022 மார்ச் மாதத்தில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில், வாங்குபவரைப் போல் நடித்து, தொலைவில் பணிபுரியும் படைவீரர் என்று கூறிக்கொள்ளும் இந்த ஏமாற்று அப்படியே விவரிக்கப்பட்டிருக்கிறது. உண்மையான படைவீரர்கள் மீது மக்கள் வைத்துள்ள மதிப்பே அந்தத் திருடர்களின் மூலதனம்.

பணம் போனதைக் காட்டிலும் படித்தவர்கள் என்ற பெயர் போனதே எங்களை வாட்டியது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஒருவரையொருவர் குறை கூறவும் தொடங்கினோம். "படம்பிடித்தது யார்?" "எண்ணை அழுத்தியது யார்?" என்று உணவு வேளையிலும் அதே பேச்சு. இந்நிலையில், விளம்பரத்தை நீக்க மறந்திருந்தோமாதலால், மூன்றாம் நாள் மற்றோர் அழைப்பு வந்தது.

உறையூரிலிருந்து ஒரு பெண் பேசினார். "பெல்ட் மாற்றியிருக்கிறீர்களா, பழையதா? பாபினில் நூல் சீராகச் சுற்றுகிறதா? பலகையைக் கரையான் அரித்திருக்கிறதா அம்மா?" என்று அடுக்கினார். இறுதியில், "ஐயாயிரத்துக்குத் தருவீர்களா?" என்றும் கேட்டார். சூடுபட்ட மனம் அல்லவா! "உன்னைப் போல் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம். ஆதார் அட்டையின் இரு பக்கங்களையும், உன் கணவருடைய அட்டையையும் படமெடுத்து அனுப்பு, அதன் பிறகு பேசு" என்று கடுமையாகக் கூறினோம். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். "வேண்டாம் அம்மா, விட்டுவிடுங்கள்" என்ற சொல்லோடு தொடர்பு அறுந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அம்மாவின் இயந்திரத்தை வாங்க வந்தவர் இருவர். ஒருவர் பொருளைப் பற்றி எதுவும் கேட்காமல் கேட்ட விலைக்கு மேலும் கொடுக்கத் துடித்தார். மற்றவர் பொருளைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டு, விலையையும் குறைத்துக் கேட்டார். வாங்கப் போகிறவர்தானே பேரம் பேசுவார்? திருடனை ஐயா என்று அழைத்து வரவேற்ற நாங்கள், உண்மையான வாடிக்கையாளரைத் திருடியைப் போல் நடத்தியிருந்தோம்.

மறுநாள் நாங்களே அழைத்து மன்னிப்புக் கேட்டு, நடந்ததையும் கூறினோம். அந்தப் பெண் சிறிது தயங்கிவிட்டுச் சொன்னார்: "போன மாதம் இதே மாதிரி ஒரு மிஷினுக்கு இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினேன் அம்மா. பிறகு அந்த எண்ணை யாருமே எடுக்கவில்லை. நீங்கள் ஆதார் கேட்டதும், இவர்களும் அதே கூட்டமோ என்று பயந்துபோய்விட்டேன்."

எங்களுக்குச் சுருக்கென்றது. அவர் எங்களுக்கு முன்பின் அறியாதவர் என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். நாங்களும் அவருக்கு முன்பின் அறியாதவர்களே என்பது அதுவரை எங்கள் நினைவுக்கு வரவேயில்லை.

மணப்பாறை மாட்டுச் சந்தையைக் கண்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே துண்டைப் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை மட்டும் மறைவு. மாடு வெளிச்சத்தில் நிற்கும். அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். விற்பவரும் வாங்குபவரும் முகத்துக்கு முகம் நிற்பார்கள். இணையச் சந்தையிலோ விலை ஊரறிய நிற்கிறது; முகங்கள்தாம் துண்டுக்கடியில் இருக்கின்றன. ஆகவே துண்டை விலக்கும் ஒரு முறையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சமமாக இருக்கவேண்டும்.

அப்படியே செய்தோம். பகல் பதினோரு மணிக்கு, பக்கத்து வீட்டாரும் உடனிருக்கும்போது வரச் சொன்னோம். அவர் தம் தாயுடன் சிறு சரக்கு வண்டியில் வந்தார். இயந்திரத்தைக் கூடத்தில் இழுத்துப் போட்டிருந்தோம், உள்ளறைகள் சாத்தியிருந்தன. கையோடு கொண்டுவந்த துண்டுத் துணியை வைத்துத் தைத்துப் பார்த்தார்; தையலைத் திருப்பி, நூலின் இறுக்கத்தை நகத்தால் சோதித்தார். 5,500 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. இரண்டாயிரம் ரொக்கமாக, எஞ்சியது கைப்பேசி வழியாக. தம் திரையைக் காட்டி, "போய்விட்டது பாருங்கள்" என்று சொன்னவர், "ஆனால் என் போனைப் பார்த்து நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை" என்றார். பார்த்தோம், ஏறியிருந்தது. பொருள், விலை, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டோம். ஒருவர் மனமும் புண்படவில்லை.

வாசகர்களுக்குப் பயன்படலாம் என்பதால், நாங்கள் கற்றவற்றைக் கூறுகிறோம். 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் அறிமுகமான யுபிஐ முறையில், பணத்தைச் செலுத்தவே இரகசிய எண் தேவை. பணத்தைப் பெற எந்த எண்ணும் வேண்டியதில்லை. எந்தக் குறியீட்டையும் நாம் படம்பிடிக்க வேண்டியதில்லை. இந்த ஒன்றை மட்டும் நெஞ்சில் இருத்தியிருந்தால் எங்கள் பணம் எங்களிடமே இருந்திருக்கும். தனிமனிதர் ஒருவர் மற்றொருவரிடம் இம்முறையில் பணம் கோரி வேண்டுகோள் அனுப்பும் வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டிருப்பது நல்லதே. ஆனால், குறியீட்டைக் காட்டி ஏமாற்றுவோருக்கு அந்த வழி இன்னும் அடைபடவில்லை.

பணம் வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியும் திரைப்படமும் போலியாக இருக்கலாம். நம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதே சான்று. 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்பவரிடமும் அதே விழிப்பு வேண்டும். வீட்டு முகவரியை விளம்பரத்தில் அச்சிட வேண்டாம். கையில் எடுத்துச் செல்லத்தக்க பொருளாயின், ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில் பகலில் சந்திக்கலாம். கைப்பேசியை விற்பவர்கள் சிம் அட்டையை எடுத்து, தம் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பவற்றை முற்றிலும் அழித்த பின்னரே கொடுக்க வேண்டும். இருசக்கர வண்டியை விற்பவர்கள் சாவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. வாங்குபவர் இதே மாநிலத்தவராயின், 14 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையேல் பிறர் ஓட்டும் வண்டியின் வழக்கு நம் வாசலுக்கு வரும். ஏமாந்துவிட்டாலோ, வெட்கத்தில் ஒரு நிமிடத்தையும் கழிக்காமல் 1930ஐ அழைத்துவிடுங்கள். எங்கள் வெட்கம் திருடனுக்கு அரை நாள் அவகாசம் அளித்தது.

ஒரு வாரம் கழிந்தது. உறையூர்ப் பெண் மீண்டும் வந்து வாசலில் நின்றார். "மேசை இழுப்பறையின் அடியில் இது இருந்தது அம்மா, உங்களுக்கு வேண்டியதாக இருக்குமே" என்று, நூலால் கட்டிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டினார். அம்மாவின் தையல் கணக்கு! அளவுகளும் பெயர்களும் அவரது உருண்டைக் கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், 'வெட்டுமுன் பாதி' என்று குறித்து, பெற்ற தொகையை எழுதியிருந்தார். துணியில் கத்தரி வைக்குமுன் பாதிக் கூலியை வாங்கிவிடுவது அவரது வழக்கம். சொந்தத் தங்கையின் பெயருக்கு எதிரிலும் அது இருந்தது. ஊர் பேர் தெரியாத 'மஞ்சள் சேலை அம்மா'வுக்கு எதிரிலும் இருந்தது. சில பெயர்களில் மட்டும் மீதித் தொகையைக் கோடிட்டு அடித்து, 'வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

நாங்கள் 6,500 ரூபாய் கொடுத்துப் படித்த பாடத்தை அம்மா அந்த நோட்டிலேயே எழுதி வைத்திருந்தார். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தமையால், யாரையும் சந்தேகிக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை. பாதியை முறையோடு பெற்றுக்கொண்டதால், மீதியை விட்டுக்கொடுக்கவும் அவரால் முடிந்தது.

அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து அமரச் செய்து காப்பி கொடுத்தோம். இயந்திரம் நன்றாக ஓடுகிறதாம். பள்ளி திறக்கும் காலமாதலால் இரவு பதினொன்று வரை ஓய்வில்லையாம். பிள்ளைகள் அந்த ஓசையிலேயே தூங்கிவிடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.