பணம் கைக்கு வரட்டும்

அய்யலூரில் வியாழக்கிழமை விடியுமுன்பே ஆட்டுச் சந்தை கூடிவிடும். சுற்றுக் கிராமங்களிலிருந்து வெள்ளாடும் செம்மறியும் வந்திறங்கும். வெளியூர் வியாபாரிகள் காத்திருப்பார்கள். பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள், முதுகெலும்பை விரலால் அழுத்திக் கறியை மதிப்பிடுவார்கள். விற்க வந்தவரின் முகத்தையும் அப்படியே படிப்பார்கள். அவசரத்துக்கு விற்கிறார் என்று தெரிந்துவிட்டால் விலை இறங்கும்.

1990-களின் கடைசியில் இந்தச் சந்தையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பைலட் எடுக்க வந்தார்கள். 1993-இல் சன் டிவி தொடங்கிய பிறகு, சேனலில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தையும் தாங்களே பிடித்து நிகழ்ச்சி நடத்தும் தயாரிப்பாளர்கள் பெருகியிருந்தார்கள். ஒரு பகுதியை மாதிரியாக எடுத்துக் காட்டினால்தான் காசு போட ஆள் வரும். தொகுப்பாளர் தமிழ்நாடே அறிந்த முகம். பெயரை எழுத அவரிடம் நான் சம்மதம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. உள்ளூர் வாத்தியார் என்பதால் விவரம் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். 

ஓர் அம்மா இரண்டு குட்டிகளோடு ஒரு தாயாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் குடிக்கும் குட்டியோடு தாயாட்டை யாரும் மனசார விற்க மாட்டார்கள். இயக்குநர் அதைச் சட்டென்று கண்டுகொண்டார். “சார், ஏன் விக்கிறாங்கன்னு கேளுங்க. வெளிச்சம் நல்லா இருக்கு” என்றார். பக்கத்தில் தரகர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார்.

தொகுப்பாளர் மைக்கைக் கீழே இறக்கினார். “இப்ப கேட்டா அந்தம்மா உண்மையைச் சொல்லிருவாங்க. அது தரகர் காதுலயும் விழும். பணம் அவங்க கைக்கு வரட்டும் தம்பி, பெறகு கேப்போம்.”

அதுவரை அவர் என்ன கேட்டார் தெரியுமா? ஆடு எத்தனை ஈத்து, என்ன தழை விரும்பித் தின்னும், மழைக்கு எங்கே கட்டுவீர்கள் என்று. அந்த அம்மா முகம் மலர்ந்து பதில் சொன்னார். நல்ல வளர்ப்பு என்று தெரிந்ததும் இன்னொரு வியாபாரி நெருங்கி வந்தார். விலை கொஞ்சம் ஏறவும் செய்தது. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. “சொல்ல இஷ்டமிருந்தாச் சொல்லுங்கம்மா.” மகளின் படிப்புச் செலவு என்றார். அதற்குள் வெயில் ஏறி, முகத்தில் பாதி நிழல் விழுந்துவிட்டது. இயக்குநருக்கு வருத்தம்தான். பைலட்டும் பிறகு விலை போகவில்லை.

விசு தொலைக்காட்சியில் நடத்திய ‘அரட்டை அரங்கம்’ ஊர் ஊராகப் போன காலம் அது. சாதாரண மனிதர்கள் மேடையேறித் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். சொல்வதென்று முடிவெடுத்து வந்தவர்கள் அவர்கள். சந்தையில் நிற்பவர் அப்படி வந்தவரில்லை. அவர் பிழைப்பைப் பார்க்க வந்தவர். நம் கேள்விக்கான விலையை அவர் கொடுக்கக்கூடாது.

சந்தையில் படம் பிடித்த மறுநாள் பள்ளியில் வழக்கம்போல நோட்டுப் பணம் கட்டாதவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பட்டியல் வாசிக்கும் வேளை வந்தது. பல பள்ளிகளிலும் நடந்ததுதான். நான் அதை நிறுத்திவிட்டேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்தில் போய்த் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவன், அப்பா கேரளாவில் வேலைக்குப் போய்ப் பணமே அனுப்பவில்லை என்றான். நாற்பது பேர் பார்க்க நிற்கவைத்திருந்தால் ‘மறந்துட்டேன் சார்’ என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்போது தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் சந்தைக்குள் செல்போனும் மைக்குமாக இளைஞர்கள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், ஊரைப் பற்றி ஆசையாகப் பேசுகிறார்கள். ஆனால் பேரம் நடக்கும்போதே ‘என்ன விலைக்குக் குடுப்பீங்க, என்ன அவசரம்?’ என்று மைக்கை நீட்டுகிறார்கள். நான் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர்களை டீக்கடைப் பக்கம் கூட்டிவந்து விடுகிறேன். ஆட்டை விற்றவர்கள் யாரும் ஒரு டீ குடிக்காமல் பஸ் ஏற மாட்டார்கள். அங்கே கேளுங்கள் என்கிறேன்.