ஆறு அங்குலக் கண்ணாடி

ஏலாக்குறிச்சி என்றதும் அடைக்கல மாதா கோயிலும் வீரமாமுனிவரும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த ஊரில் ஒருவர் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கிறார் என்று நண்பர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தண்ணீர் நிரப்பிய டிரம்மின் மேல் ஒரு கண்ணாடி வட்டு, அதன்மேல் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும், அதற்கும் மேலே அதே அளவில் இன்னொரு வட்டு. கண்ணாடி தேய்க்கும் அந்த அண்ணன் தள்ளுகிறார், இழுக்கிறார், வட்டைக் கொஞ்சம் திருப்புகிறார், டிரம்மைச் சுற்றி ஓரடி நகர்கிறார். மேல்வட்டில் குழி விழ, கீழ்வட்டு புடைக்கிறது. ஆறு அங்குல வட்டுக்கு நான்கடிக் குவியத்தூரம் வேண்டுமானால், நடுவில் விழவேண்டிய குழி ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான்.

லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். "பொடி மாத்துறப்ப கை, வாளி, துணி எல்லாத்தையும் கழுவிடணும் சார். பழைய பொடி ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கீறல் விழும். விழுந்தா மறுபடி மொதல்லேர்ந்துதான்" என்றார். நயமான பொடிவரை தேய்த்து முடித்தபின் சீரியம் ஆக்சைடால் மெருகு. அலுமினியப் பூச்சு வெளியூரில்.

என்னை அசத்தியது ஒரு சவர பிளேடு. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858இல் கண்டுபிடித்த சோதனைக்கான கருவி அது. ஊசித்துளை வழியே வரும் விளக்கொளியைக் கண்ணாடி திருப்பி அனுப்புகிறது. அது குவியும் இடத்தில் பிளேடின் விளிம்பை மெல்ல நுழைத்தால், கண்ணாடியின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். அண்ணன் கண்ணாடியில் கட்டைவிரலைச் சில நொடிகள் வைத்தெடுத்தார். "இப்பப் பாருங்க." விரல் பட்ட இடம் சூட்டில் உப்பி, சிறு குன்றாக நின்றது. ஆறியதும் அடங்கியது. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையை இந்த பிளேடு காட்டிக்கொடுக்கும்.

காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியும் பெங்களூரில் நம்மவர்கள் தேய்த்து மெருகேற்றியதே. தொலைநோக்கி இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. வீரமாமுனிவரின் சேசு சபையைச் சேர்ந்த ரிஷோ என்ற பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி இரட்டை நட்சத்திரம் என்று 1689இல் கண்டது புதுச்சேரியிலிருந்துதான்.

ஆனால் இன்று பிள்ளைகள் கைக்கு என்ன வருகிறது? '525 மடங்கு' என்று பெட்டியில் அச்சடித்த பொம்மை. 60 மில்லிமீட்டர் லென்ஸ் 120 மடங்குக்கு மேல் தாங்காது. அதற்குமேல் பெருக்கினால் மங்கல்தான் பெருகும். தாங்கியோ காற்றுக்கே ஆடும். இரண்டு இரவு போராடிய பிள்ளை அதைப் பரணில் போடுகிறது. பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று பெற்றோர் முடிவுகட்டுகிறார்கள். ஆர்வத்தைக் கொன்றது அந்தப் பொய் எண். அதை அச்சடித்து விற்பவர்கள் காசோடு சேர்த்து ஒரு குழந்தையின் வானத்தையும் பறித்துக்கொள்கிறார்கள்.

பள்ளிகளுக்கு இரண்டு கண்ணாடி வட்டும் சில வகைப் பொடியும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் முறைவைத்துத் தேய்க்கட்டும். அந்த ஆறு அங்குலத்தில் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் சனியின் வளையமும் தெரியும். விலைக்கு வாங்கிய கருவி அலமாரியில் பூட்டிக் கிடக்கலாம். தங்கள் கையால் தேய்த்ததைப் பூட்டிவைக்கப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.