காணாத கைகள்

காலை ஐந்து மணிக்குச் சிற்றாலய மணி ஒலிக்கும். திருப்பலி, படிப்பு, வகுப்பு. மாலையில் செபமாலை, மீண்டும் இரவுப் படிப்பு. மதுரையில் இதுவே எங்கள் விடுதி வாழ்க்கை. 'ஏன் இத்தனை கட்டுப்பாடு?' என்று நாங்களும் முணுமுணுத்தவர்கள்தாம்.

சென்ற ஆண்டு பாளையங்கோட்டைக்குச் சுற்றுலா சென்றோம். அங்கே சாராள் தக்கர் கல்லூரியைக் கண்டோம். ஆங்கிலிக்கன் சபையினர் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி தந்த விடுதிப் பள்ளியிலிருந்து 1895-இல் மலர்ந்த கல்லூரி அது. இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த சாராள் தக்கர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை! சென்னையில் ஊழியம் செய்த சகோதரர் வாயிலாக நம் பெண்களின் நிலையறிந்து உருகியவர். 1857-இல் அவர் மறைந்தபின், அவர் நினைவாக அன்பர்கள் அப்பள்ளியை நிறுவினர்.

திரும்பும்போது உசிலம்பட்டிப் பக்கத்துத் தோழி ஒருத்தி அழுதாள். பத்தாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்துவதாக வீட்டில் பேச்சு. "அம்மா பூக்கட்டி அனுப்புற காசுடி இது. கணக்கில் தவறினால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?"

அன்று முதல் இரவுப் படிப்பில் ஒருத்தி மாற்றி ஒருத்தி அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். தேர்வில் 68 மதிப்பெண்! அவள் அம்மாவே வந்து பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார். மாதா சுரூபத்துக்கென்று ஒரு பந்து மல்லிகையை எங்களிடம் நீட்டினார். நார் இழுத்துத் தழும்பேறிய அந்த விரல்களை அன்றுதான் கண்டோம்.

இப்போதும் இரவுப் படிப்பில் தூக்கம் வருகிறது. ஆனால் முணுமுணுப்பதில்லை. எங்களைப் படிக்கவைக்கும் காணாத கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக!