தோட்டாவும் நெய்யும்

சரித்திர வகுப்பில் 1857-ஆம் வருஷத்துக்கு வந்தவுடன், பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று என் மாணாக்கர்கள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். எனக்கோ அதற்குப் பின் நடந்ததே முக்கியமாகப் படுகிறது.

அக்காலத்துத் தோட்டா காகிதச் சுருள். உள்ளே வெடிமருந்தும் குண்டும் இருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை இடித்து இறக்கவேண்டும். புதிய என்பீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் திருகுமறைபோல் வரிகள் இருந்தபடியால், குண்டு வழுக்கி இறங்க மசகு அவசியமாயிற்று. அம்மசகு எதனால் ஆனது? ஜனவரி மாதம் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்த கேள்வி இதுதான்.

கும்பினி அதிகாரிகள் முற்றும் செவிடர்களாக இருந்துவிடவில்லை. மசகில்லாத தோட்டாக்களைக் கொடுத்து, சிப்பாய்களே தங்களுக்கு உகந்ததைத் தடவிக்கொள்ளலாம் என்று அம்மாதத்திலேயே உத்தரவாயிற்று. பிறகு, கடிக்கவேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றும் சொன்னார்கள். திருத்தம் சரியானதே, திருத்தியவர்களைத்தான் எவரும் நம்பவில்லை. சந்தேகம் மசகை விட்டுக் காகிதத்தின்மேல் தாவிற்று. பளபளக்கிறதே, இதில் என்ன கலந்திருக்கிறதோ! நெய்யை வீட்டிலிருந்து கொண்டுவரலாம். காகிதத்தையுமா கொண்டுவர முடியும்?

ஏப்ரல் 24-ஆம் தேதி மீரத்தில் 90 குதிரை வீரர்களுக்கு, கையால் கிழிக்கும் முறையைக் காட்டத் தளபதி முற்பட்டார். கொடுத்தவை அவர்கள் முன்பே பழகிய ரகத் தோட்டாக்கள்தாம். 85 பேர் தொட மறுத்தனர். மே 9-ஆம் தேதி, மற்றப் படைகள் பார்த்து நிற்க, அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை தோழர்கள் சிறையை உடைத்தனர்.